செல்கள் உதிர்க்கும் தூசும் மெலனோமா நோயாளியின் இரத்த உறைவும்

தோலில் மச்சம்போலத் தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய பிறகு, சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்குத் திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிக்கத் தொடங்குவதுண்டு. காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. அந்த உறைவின் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தோலில் பிறந்த நோய் காலின் இரத்தத்தை எப்படி உறைய வைக்கிறது என்ற கேள்விக்கான விடையில் ஒரு முக்கியப் பங்கு, செல்கள் இரத்தத்தில் உதிர்த்துவிடும் நுண்துகள்களுக்கு உண்டு.

புற்றுநோய்க்கும் இரத்த உறைவுக்கும் தொடர்பிருப்பது பழைய செய்தி. பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூஸோ அதை 1865-இல் விளக்கினார். பின்னர் அதே அறிகுறியைத் தம் உடலிலேயே கண்டு, வந்திருப்பது புற்றுநோய்தான் என்று தெளிந்த அவர், 1867-இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். நுண்துகள்கள் வெளிச்சத்துக்கு வர மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. இரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்களான தட்டணுக்களை அகற்றிய பிளாஸ்மாவிலும் உறைதலைத் தூண்டும் நுண்பொருள் எஞ்சியிருப்பதை 1967-இல் காட்டிய பீட்டர் வுல்ஃப், அதைத் 'தட்டணுத் தூசு' என்றார். அந்தப் பெயருக்கேற்ப, அது வெறும் கழிவு என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

சிவப்பணு ஒன்றின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர், நுண்துகளோ 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர்தான். இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, செல்லின் சவ்வை அருகில் சென்று பார்க்க வேண்டும். அந்தச் சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது. பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பை உள் அடுக்கிலேயே நிறுத்திவைக்க, ஒரு நொதி ஓயாமல் ஆற்றலைச் செலவிட்டு உழைக்கிறது. செல் தூண்டப்பட்டாலோ இறக்கத் தொடங்கினாலோ உள்ளே கால்சியம் பெருகுகிறது. அந்த நொதி நின்றுபோகிறது. இரு அடுக்குகளையும் கலக்கும் வேறொரு புரதம் விழித்துக்கொள்கிறது. சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் உட்சட்டகம் அறுபட, சவ்வு மொட்டுப்போலப் பிதுங்கிக் கழன்று விழுகிறது. உள்ளே மறைந்திருந்த கொழுப்பு இப்போது அந்தத் துகளின் வெளிப்புறத்தில் இருக்கிறது.

இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைதல் காரணிகள் அந்தக் கொழுப்பின் எதிர்மின் பரப்பில், கால்சியம் பாலமாக நிற்க, ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்மாவில் தனித்தனியே மிதந்து எப்போதோ சந்திக்கும் காரணிகள், ஒரே மேடையில் அருகருகே அமர்ந்தால் த்ராம்பின் என்ற நொதி பன்மடங்கு வேகமாக உருவாகி, கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வலையாக இறுகும் ஃபைப்ரினாக மாற்றுகிறது. இந்த மேடை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஸ்காட் நோய் சான்று: கொழுப்பு அடுக்குகளைக் கலக்கும் திறன் பிறவியிலேயே குறைந்த அந்த அரிய நோயாளிகளுக்கு இரத்தக்கசிவு எளிதில் நிற்பதில்லை.

ஆனால் மேடை மட்டும் போதாது. தொடங்கிவைக்கும் பொறி ஒன்றும் வேண்டும். திசுக் காரணி என்ற புரதமே அந்தப் பொறி. இயல்பான உடலில் இரத்த நாளச் சுவருக்கு வெளியிலுள்ள செல்களில் அது காத்திருக்கிறது. காயம் பட்டு நாளம் கிழியும்போதுதான் இரத்தம் அதைச் சந்திக்கும். மெலனோமா செல்கள் பல இந்தத் திசுக் காரணியைத் தம் சவ்வில் ஏந்துகின்றன. அவை உதிர்க்கும் துகள்கள் பொறியையும் மேடையையும் ஒன்றாகச் சுமந்து, காயமே இல்லாத நாளத்துக்குள் உலவுகின்றன. கட்டி ஓரிடத்தில் இருக்க, உறைவு வேறோரிடத்தில் தோன்றுவதை இதனால் விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஆகவே துகள்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆபத்தைக் கணிப்பது தவறு என்பது என் கருத்து. இரத்தத்தில் உலவும் நுண்துகள்களில் பெரும்பகுதி தட்டணுக்களிலிருந்து வருபவை. அவற்றில் மேடை உண்டு, பொறி பெரும்பாலும் இல்லை. அளப்பதும் எளிதன்று. ஊசி குத்திய அதிர்ச்சியிலேயே தட்டணுக்கள் துகள்களை உதிர்ப்பதால், முதலில் வரும் சிறிதளவு இரத்தம் ஒதுக்கப்படுகிறது. குழாயைக் குலுக்காமல் எடுத்துச் சென்று, மையவிலக்கியில் இருமுறை சுழற்றி, தட்டணுக்களை முற்றிலும் நீக்க வேண்டும். சில தட்டணுக்கள் எஞ்சியிருந்து, மாதிரி உறைநிலைக்குப் போய்த் திரும்பினால், அவை உடைந்து நோயாளியிடம் இல்லாத துகள்களை உண்டாக்கிவிடும்.

எல்லாத் தோல் புற்றுநோய்களையும் இதில் ஒன்றாக வைக்க முடியாது. மிகப் பரவலாகக் காணப்படும் அடித்தளச் செல் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. தொடக்கத்திலேயே வெட்டி அகற்றப்பட்ட மெலனோமாவிலும் உறைவு ஆபத்து குறைவு. கணையம், இரைப்பை, மூளைப் புற்றுநோய்களே இதில் முன்னணியில் நிற்கின்றன. புற்றுநோயாளிகளின் உறைவு ஆபத்தைக் கணிக்க 2008-இல் வெளியான கொரானா (Khorana) மதிப்பெண் முறையும் கணையத்துக்கும் இரைப்பைக்கும் உயர்ந்த புள்ளிகள் தருகிறது. மெலனோமாவுக்கு உறுப்பின் பெயரால் புள்ளி எதுவும் இல்லை. பரவிய மெலனோமா உள்ளவர் அந்தக் கணக்கில் பாதுகாப்பானவராகத் தெரியக்கூடும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் உறைவெதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். மெலனோமாவில் அது எளிய முடிவன்று. மூளைக்குப் பரவும் இயல்பு மெலனோமாவுக்கு அதிகம். அங்கே தோன்றும் கட்டிகள் தாமாகவே இரத்தம் கசியக்கூடியவை. உறைவைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து அந்தக் கசிவைப் பெரிதாக்கிவிடுமோ என்ற அச்சத்தோடுதான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. திசுக் காரணி ஏந்திய துகள்கள் யாருடைய இரத்தத்தில் மிகுந்திருக்கின்றன என்று நம்பகமாகச் சொல்லும் ஒரு சோதனை கைக்கு வந்தால், மருந்து யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்று பிரித்தறிய அது உதவும்.