வயதான நாய் திடீரென்று சுருண்டு விழுந்தால்: இதய உறையில் ரத்தமும் புற்றுநோய்ச் சந்தேகமும்

எட்டு வயதைத் தாண்டிய லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களைத் திடீரென்று சுருண்டு விழுந்த நிலையில் தூக்கி வரும் வீட்டார் அநேகமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் இருந்தான்." கொஞ்சம் கிண்டிக் கேட்டால் வேறு சில விஷயங்களும் வெளியே வரும். இரண்டு நாளைக்கு முன் ஒரு வாந்தி. சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. மாடிப்படியில் பாதியில் நின்றது. போன வாரம் ஒருநாள் முழுக்கப் படுத்தே கிடந்துவிட்டு, மறுநாள் தானாக எழுந்து வாலாட்டியது.

அந்தக் கடைசி விஷயத்தை வீட்டார் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது கவலை தரும் செய்தி. இதய உறைக்குள் ரத்தம் கசியவிடும் அதே புற்று மண்ணீரலிலும் வரும். அங்கே இருக்கும் கட்டி லேசாகக் கசிந்து நின்றால், வயிற்றுக்குள் கொட்டிய ரத்தத்தில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நாயும் ஓரிரு நாளில் தெம்பாகிவிடும். அடுத்த கசிவு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். வாந்தியும் அப்படித்தான் ஏமாற்றும். இதய உறையில் திரவம் தேங்கிய நாய்களிடம் வாந்தி அடிக்கடி காணப்படும். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து ஒருநாளைக் கழித்துவிடுவார்கள்.

இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதற்குள் சாதாரணமாகச் சில மில்லி திரவம்தான் இருக்கும். அந்த உறை மெதுவாக நீளும், சட்டென்று நீளாது. அதனால் மாதக்கணக்கில் ஊறிய திரவம் ஒரு லிட்டர் வரை சேர்ந்தும் சில நாய்கள் நடமாடிக்கொண்டிருக்கும். திடீரென்று நூறு மில்லி ரத்தம் கசிந்தாலே வேறொரு நாய் சரிந்துவிடும். அழுத்தம் கூடும்போது முதலில் நசுங்குவது சுவர் மெல்லியதான வலது மேலறை. உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பின்னால் தேங்கும். கழுத்து நரம்பு புடைப்பதும், வயிறு உப்புவதும், ஈறு வெளுப்பதும், நாடி நூலாக மெலிவதும் இதனால்தான்.

வீட்டில் இரண்டே நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். பின்தொடையின் உட்பக்கம் விரல் வைத்து நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வாகப் படுத்திருக்கும் பெரிய நாய்க்கு 160, 180 என்று ஓடினால், அல்லது நாடியே கைக்குச் சிக்காவிட்டால், காலைவரை காத்திருக்கக் கூடாது. மூச்சையும் எண்ணுங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும்.

விழுந்தது வலிப்பா மயக்கமா என்பது அடுத்த குழப்பம். வலிப்பு என்றால் பெரும்பாலும் தாடை ஆடும், நுரை தள்ளும், கால் உதைக்கும். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நாய் சித்தம் கலங்கியபடி திரியும். இதயக் கோளாறால் வரும் மயக்கத்தில் தொய்ந்து விழும், ஈறு வெளுக்கும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடும். ஆனால் இதய மயக்கத்திலும் கால் விறைப்பதுண்டு, சிறுநீர் போவதுண்டு. யாராவது ஒருவர் கைபேசியில் காணொளி எடுத்துவிட்டால், பத்து நிமிட விளக்கத்தைவிட அது எங்களுக்கு உதவும்.

நாயை நடக்க விடாதீர்கள். கெட்டியான போர்வையில் கிடத்தி இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். மல்லாக்கப் போடக் கூடாது, வயிற்றை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. வாயில் தண்ணீர், குளுக்கோஸ், பால் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், பாராசிட்டமால் தொடவே வேண்டாம்.

தாத்தாவுக்கு வாங்கிய லாசிக்ஸ் மாத்திரை வீட்டில் இருந்தால் அதையும் தொடாதீர்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஹார்ட் பிராப்ளம்" என்றதும் முதலில் கை போவது அதற்குத்தான். வால்வு கெட்டு நுரையீரலில் நீர் கோத்த பொமரேனியனுக்கு லாசிக்ஸ் உயிர் காக்கும் மருந்து. இதய உறை நிறைந்து நசுங்கிக் கிடக்கும் லேப்ரடாருக்கு அதே மருந்து ஆபத்து. அந்த இதயம் உள்ளே வரும் கொஞ்சநஞ்ச ரத்தத்தை நம்பித்தான் துடிக்கிறது. சிறுநீராக நீரை வெளியேற்றினால் அதுவும் குறைந்து ரத்த அழுத்தம் விழும். முதல் நாயின் நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் முணுமுணுப்பு உரக்கக் கேட்கும். இரண்டாவது நாயிடம் இதயச் சத்தமே எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் அமுங்கியிருக்கும்.

ஊசி போட்டு வடிப்பது

எக்ஸ்ரேயில் இதயம் பூசணிக்காய்போல் உருண்டு தெரியும். ஈசிஜியில் அலைகள் சிறுத்திருக்கும், சில நாய்களுக்கு ஒன்று உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் மாறி மாறி வரும். ஆனால் உறுதி செய்வது எக்கோ ஸ்கேன்தான். நாய் ஓரளவு தாங்குகிறது என்றால், வடிப்பதற்கு முன்பே எக்கோ பார்த்துவிடுவது நல்லது. சுற்றிலும் திரவம் இருக்கும்போதுதான் வலது மேலறை ஓரத்துச் சிறு கட்டி எடுப்பாகத் தெரியும். வடித்த பிறகு அது மறைந்துகொள்ளும். சாகும் தறுவாயில் இருந்தால் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது, ஊசிதான் முதலில்.

வலது விலாவில், நான்காவது முதல் ஆறாவது விலா இடைவெளிக்குள் முடியை மழித்து, மரத்துப்போக லிக்னோகைன் போட்டு, 14 அல்லது 16 கேஜ் நீளக் குழாய் ஊசியை நுழைப்போம். வலது பக்கம் நுரையீரல் குறுக்கே வராத இடைவெளி இருக்கிறது, பெரிய இதயத் தமனிகளைக் குத்தும் அபாயமும் குறைவு. ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி முனை இதயத்தை உரசினால் துடிப்பு தாறுமாறாகும், உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். வருவது பெரும்பாலும் போர்ட் ஒயின் போன்ற கருஞ்சிவப்புத் திரவம். அதில் கொஞ்சத்தை வெறும் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்ப்போம். உறைக்குள் தேங்கிக் கிடந்த ரத்தம் உறையாது. உறைந்தால், ஊசி இதயத்துக்குள்ளேயே போயிருக்கிறது அல்லது அந்த நிமிடமே உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது.

வடிக்க வடிக்கத் துடிப்பு 180-லிருந்து 120-க்கு இறங்குவதை மேசையிலேயே பார்க்கலாம். அரை மணியில் நாய் தலை தூக்கிச் சுற்றிப் பார்க்கும். வீட்டார் "சரியாயிடுச்சு" என்று கிளம்ப நினைப்பதும் அப்போதுதான். அன்றிரவாவது மருத்துவமனையில் இருக்கட்டும். துடிப்புக் கோளாறும் மறு கசிவும் அதிகம் வருவது முதல் 24 மணி நேரத்தில். வடித்தது உயிரைப் பிடித்து நிறுத்தியது, காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

எதனால் வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

பெரிய இனத்து வயதான நாயில் முதல் சந்தேகம் ஹெமாஞ்சியோசார்கோமா. ரத்தக் குழாயின் உட்படலத்தில் பிறக்கும் புற்று இது; வலது மேலறையும் மண்ணீரலும் அதற்குப் பிடித்த இடங்கள். வடிப்பு மட்டும் செய்தால் பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் திரும்ப நிறையும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து கொடுத்தால் நான்கு மாதம் அளவுக்கு நீளலாம். கட்டி எட்டும் இடத்தில் இருந்து, அறுவையும் கீமோவும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அதே திரவம், அதே மயக்கம், ஆனால் கட்டி இதயத்தின் அடிப்பாகத்தில் மகாதமனியை ஒட்டி இருந்தால் கதை வேறு. பாக்ஸர், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதிகம் வரும் கீமோடெக்டோமா அது. மெதுவாக வளரும். இதய உறையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஓடும் நாய்கள் உண்டு. மூன்றாவதாக, கட்டியே இல்லாமல், காரணம் தெரியாத அழற்சியால் நீர் சேர்வது. இவற்றில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு ஓரிரு முறை வடித்ததோடு தீர்ந்துவிடும். மற்றவற்றுக்கு உறையை எடுத்தால் போதும், ஆயுள் குறைவதில்லை.

இரண்டு வாரமும் இரண்டு வருடமும் ஒரே மாதிரித்தான் வாசலில் வந்து நிற்கின்றன. "வடித்த நீரை லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். நிணநீர்ப் புற்று போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலும் தெரியாது. ஹெமாஞ்சியோசார்கோமா செல்கள் அந்த ரத்தத்தில் அரிதாகத்தான் மிதக்கும். முதல் எக்கோவில் கட்டி இல்லை என்பதும் முழு நிம்மதி இல்லை, சிறியது தப்பிவிடும். அதனால் நாங்கள் கேட்பது இவை: திறமையான கையால் எக்கோ, வயிற்று ஸ்கேன், மூன்று கோணத்தில் மார்பு எக்ஸ்ரே, முழு ரத்தப் பரிசோதனை. கட்டி தென்படாவிட்டால் ஓரிரு வாரத்தில் மறு எக்கோ.

நம் ஊரில் இன்னும் இரண்டைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா இரண்டுமே ஈறை வெளுக்க வைக்கும், மண்ணீரலைப் பெருக்க வைக்கும். ஸ்கேனில் மண்ணீரல் முழுவதும் சீராக வீங்கியிருப்பதும், அதில் ஒரு கட்டி முளைத்திருப்பதும் வெவ்வேறு. "மண்ணீரல் பெரிசா இருக்கு" என்ற ஒரு வரியை வைத்துப் புற்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் கிட் டெஸ்டும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் கேளுங்கள். ஹெமாஞ்சியோசார்கோமாவிலும் தட்டுகள் குறையும் என்பதால், உண்ணிக் காய்ச்சல் பாசிட்டிவ் என்று வந்தாலும் ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது. இன்னொன்று எலி மருந்து. புரோமடியோலோன் கலந்த கேக் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ வைத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதய உறைக்குள்ளும் அதனால் ரத்தம் கசியலாம். வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்தால் பிழைக்கும் நாய் அது.

மண்ணீரல் கட்டி உடைந்திருந்தால்

மண்ணீரல் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புற்று, மீதி சாதாரண ரத்தக் கட்டியோ திசுப் பெருக்கமோ என்பது பழைய கணக்கு. உடைந்து ரத்தம் கொட்டிய நிலையில் வருபவற்றில் புற்றின் பங்கு இன்னும் கூடுதல். மற்ற இடங்களில் பரவல் தெரியாதபோது, அறுவை செய்து மண்ணீரலை எடுக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். சாதாரணக் கட்டியாக இருந்தால் அதோடு குணம். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் யோசனையை நாங்கள் ஊக்குவிப்பதில்லை, ரத்தம் கொட்டும், விடையும் தெளிவாக வராது. எடுத்த மண்ணீரலில் ஒரே ஒரு துண்டை அனுப்பினால் புற்று இருக்கும் இடம் விட்டுப்போகலாம். பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்து, பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். புற்று என்று வந்தால், அறுவை மட்டும் செய்த நாய்க்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம், கீமோவும் சேர்ந்தால் நான்கு முதல் ஆறு மாதம்.

அறுவைக்கு ரத்தம் தேவைப்படும். 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி முடித்த, உண்ணிக் காய்ச்சல் இல்லாத ஒரு நாய் சுமார் 450 மில்லி தரலாம். இதுவரை ரத்தம் ஏற்றாத நாய்க்கு முதல் முறை ஏற்றும்போது ஒவ்வாமை அரிது. ஆனாலும் பொருத்தம் பார்ப்பதே முறை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைக் கையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கிளினிக்கில் எக்கோ இல்லையென்றால் அனுப்பப்படும் இடம் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

கீமோ என்றதும் முடி கொட்டி, வாந்தி எடுத்துக் கிடக்கும் மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நாய்க்குக் கொடுப்பது அதைவிட மிதமான அளவு. டாக்ஸோரூபிசின் ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 30 மில்லிகிராம். 25 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 26 மில்லிகிராம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை. நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசையே அழுகும், அதனால் குழாய் முதல் குத்திலேயே சரியாக ஏறியிருக்க வேண்டும். ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது காய்ச்சல் வந்தால் அன்றே தூக்கி வாருங்கள். இரண்டு மூன்று நாள் சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொட வேண்டாம். இந்த மருந்து இதயத் தசையையும் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ பார்க்காமல் தொடங்கக் கூடாது.

கீமோ வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தவறில்லை. மாதக் கணக்கில்தான் லாபம், செலவும் அலைச்சலும் பெரிது. நாய்க்கு நாட்காட்டி தெரியாது. அதற்குத் தெரிவது இன்றைக்கு மூச்சு முட்டுகிறதா, சோறு இறங்குகிறதா என்பதுதான்.

வீட்டுக்கு அழைத்து வந்த பின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள். படி ஏற்றுவதையும் பந்து எறிவதையும் நிறுத்துங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போதும்: தூங்கும்போது மூச்சு, ஈறின் நிறம், தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப் அளவு, சாப்பாடு. டேப் அளவு இரண்டு மூன்று நாளில் சட்டென்று கூடினால், வயிற்றில் திரவம் சேர்வதை ஈறு வெளுக்கும் முன்பே அது உங்களுக்குச் சொல்லிவிடலாம். மஞ்சள்தூள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் என்று யாராவது சொன்னால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதிக அளவில் ரத்தம் உறைவதைப் பாதிக்கும் பொருட்கள் அவை.

ஹெமாஞ்சியோசார்கோமா உறுதியான நாய்க்கு முடிவு இரவு இரண்டு மணிக்கும் வரலாம். அதனால் சில விஷயங்களைப் பகலிலேயே பேசி வைக்க வேண்டியிருக்கிறது. மறுபடி நிறைந்தால் எத்தனை முறை வடிப்பது? எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும், வண்டி யாருடையது, தூக்க யார் வருவார்கள்? தூங்க வைக்க, அதாவது வலியில்லாமல் உயிரை முடித்துவைக்க, ஒப்புதல் சொல்ல வேண்டியவர் வெளியூரில் இருந்தால் அவர் சார்பில் யார் கையெழுத்து போடுவார்? தூங்க வைப்பதில் முதலில் அமைதிப்படுத்தும் ஊசி, நாய் அயர்ந்த பின் நரம்பு வழியாக அதிக அளவு மயக்க மருந்து. ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும், நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பதுபோல் தெரியும், சிறுநீர் போகும். அவை வலியால் வருபவை அல்ல. குழந்தைகள் உடனிருப்பதாக இருந்தால் இதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.