விமானத்தின் நரம்புகளில் ஓடும் திரவம்

மேலெழும் விமானத்தின் சக்கரக்கால்களை உள்ளே மடக்குவதற்கும், காற்றின் பெரும் எதிர்ப்பை மீறி இறக்கையின் மடிப்புகளைத் திருப்புவதற்கும் பல டன் விசை தேவைப்படுகிறது. அந்த விசையை இயந்திரத்திலிருந்து உரிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது, மெல்லிய குழாய்களில் அடைபட்டிருக்கும் ஒரு திரவம். திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஹைட்ராலிக் அமைப்பு என்று பெயர்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு. ஏர்பஸ் ஏ380, போயிங் 787 ஆகியவற்றில் 5000 பவுண்டு. 3000 பவுண்டு அழுத்தத்தில் வெறும் 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன்கூட 10 டன்னுக்கு மேற்பட்ட விசையைத் தரும்.

தேக்கத் தொட்டியிலிருந்து திரவத்தை இழுத்து அழுத்துவது, இயந்திரத்தால் சுழற்றப்படும் பிஸ்டன் பம்ப். வடிகட்டிகளையும் வால்வுகளையும் கடந்து உருளைகளுக்குள் புகும் திரவம், பிஸ்டனைத் தள்ளியபின் தொட்டிக்கே திரும்புகிறது. நைட்ரஜன் வாயு அடைத்த அக்யூமுலேட்டர் என்ற சேமிப்புக் கலன், அழுத்தத்தின் அதிர்வைத் தணிப்பதோடு பம்ப் நின்றாலும் பிரேக்கைச் சிலமுறை இயக்குமளவு ஆற்றலைச் சேமித்து வைக்கிறது.

இவற்றில் எதைக் காட்டிலும் கவனத்துக்குரியது திரவம்தான் என்பது என் கருத்து. அது விசையைக் கடத்துவதோடு, பாகங்களுக்கு மசகாகி, வெப்பத்தையும் எடுத்துச்செல்ல வேண்டும். உயரத்தின் கடுங்குளிரில் உறையக் கூடாது. சிவப்பு நிறக் கனிம எண்ணெய் இவற்றையெல்லாம் நன்றாகவே செய்தது. ஆனால் கசிந்து, சூடேறிய பிரேக்கின்மீது பட்டால் தீப்பிடிக்கும். அந்த ஆபத்தைக் குறைக்கவே ஸ்கைட்ரால் போன்ற, பாஸ்பேட் எஸ்டர் என்ற வேதிப்பொருளாலான ஊதா நிறத் திரவங்கள் வந்தன. அவை எளிதில் பற்றுவதில்லை, பற்றினாலும் தீயைப் பரப்புவதில்லை. அதற்கான விலையும் உண்டு: அவை தோலையும் கண்ணையும் எரிக்கும், வண்ணப்பூச்சைக் கரைக்கும், ஈரம் புகுந்தால் சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

நிறவேறுபாடு அலங்காரத்துக்கானதன்று. கனிம எண்ணெய்க்குரிய நைட்ரைல் ரப்பர் சீல் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்பு), பாஸ்பேட் எஸ்டரில் உப்பி நைந்துபோகும்; எஸ்டருக்குரிய எத்திலீன் புரொப்பிலீன் சீலைக் கனிம எண்ணெய் அதேபோலக் கெடுக்கும். தவறான திரவம் கலந்துவிட்டால் வடித்துக் கழுவுவதோடு, சீல்களையும் மாற்ற வேண்டிவரும்.

திரவமே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை 1989 ஜூலை 19 அன்று உலகம் கண்டது. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் மூன்று இயந்திரங்கள் கொண்ட டிசி-10 விமானத்தில் வால்பகுதி இயந்திரத்தின் விசிறித் தட்டு உடைந்து சிதறியபோது, ஒன்றுக்கொன்று தனித்தியங்கிய மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களும் அங்கே சேதமடைந்தன. திரவம் முழுவதும் வெளியேறியது. எஞ்சிய இரு இயந்திரங்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அதை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தனர். தரையிறங்கும்போது விமானம் நொறுங்கியதில் 112 பேர் இறந்தனர், 184 பேர் பிழைத்தனர். அதன்பின், வால்பகுதிக் குழாய் அறுந்தாலும் எஞ்சிய திரவத்தைத் தடுத்துக் காக்கும் அடைப்பு வால்வு டிசி-10 விமானங்களில் பொருத்தப்பட்டது.