“அவவுக்குத் தெரியும்தானே” என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்

மனைவி இருக்க இன்னொருத்தியோடும் வாழ்ந்துகொண்டு, அதற்குப் புதுப்பெயர் வைக்கிற கணவர்மாரின் கதை, இந்த வருடத்தில் இது மூன்றாவது. போன மாதம் ஒரு தங்கச்சி வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து, சொப்பிங் பையை அவிழ்த்து, லமினேட் பண்ணின விவாகச் சான்றிதழை எடுத்து வைத்தார். வன்னியில் வேலை செய்கிற எந்தச் சட்டத்தரணிக்கும் இந்தப் பையைத் தெரியும். போர் முடிந்த 2009இல் பத்திரங்களைத் தொலைத்துவிட்டுப் பிரதி எடுக்க அலைந்த சனம், இப்போது எதையும் தண்ணீர் படாமல்தான் வைத்திருக்கிறது. சான்றிதழுக்குப் பக்கத்தில் போனையும் வைத்தார். டிப்பர் ஓடுகிற கணவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி: “இதுக்குப் பேர் பொலிஅமோரி. உலகத்தில எல்லாரும் இப்ப இப்பிடித்தான். நீர்தான் இன்னும் பழைய ஆள்.”

“மிஸ், அப்பிடியொரு சட்டம் வந்திட்டுதோ?”

வரவில்லை. (ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

முன்பு இதற்குச் சின்னவீடு என்று பெயர். அந்தச் சொல்லிலாவது கொஞ்சம் வெட்கம் இருந்தது. இப்போது யூடியூப்பில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, புதுப்பெயர் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வருகிறார்கள்.

பொலிஅமோரி என்பது, எல்லாரும் அறிந்து சம்மதிக்க, ஒரே காலத்தில் பலரோடு காதலுறவில் இருப்பதற்கு 1990களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். ‘பல’ என்ற கிரேக்கச் சொல்லையும் ‘காதல்’ என்ற இலத்தீன் சொல்லையும் ஒட்டியது. மசசூசெட்ஸ் மாநிலத்தின் சமர்வில் நகரசபை 2020இல் இரண்டு பேருக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வாழும் துணையுறவைப் பதிவதற்கு வழி செய்தது. அதை அங்கே யாரும் ஒளித்துச் செய்யவில்லை. சம்பந்தப்பட்ட எல்லாரும் சேர்ந்து போய்க் கையெழுத்து வைக்கிற காரியம் அது. அந்த வாழ்க்கையின் ஒரே அத்திவாரம், எல்லாருக்கும் முதலே தெரியும், எவரும் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதுதான். அப்படி வாழ்கிற ஓரிருவரைக் கொழும்பில் எனக்குத் தெரியும். யாருக்கு எந்த நாள், செலவு யார் தலையில், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது என்று அவர்கள் பேசுகிற பேச்சுக்கு எங்கள் எல்லைக்காணி வழக்குகள் தோற்றுவிடும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. சட்டத்துக்கும் இல்லை, இரண்டாவது கல்யாணம் என்று ஒன்று நடக்காத வரைக்கும்.

“எல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம்” என்று தலையில் அடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கண்டிப் பகுதியில் அண்ணன் தம்பிமார் ஒரு மனைவியோடு வாழும் வழக்கம் இருந்தது. 1859இல் சட்டம் போட்டு அதை நிறுத்தியதே வெள்ளைக்காரன்தான்.

சரி, என்னை எரிச்சலூட்டுகிற விடயத்துக்கு வருகிறேன். மூன்று கணவர்மாரும் மூன்று இடத்து ஆட்கள், ஆனால் ஒரே வசனம்: “அவவுக்குத் தெரியும்தானே மிஸ்.” தெரிவது வேறு, சம்மதிப்பது வேறு. ஊர் சொல்லித் தெரிவது சம்மதம் இல்லை. இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் உலை வைப்பதும் சம்மதம் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், அதனால் உலை வைக்கிறாள். ஒருவருடைய மாமா என் அலுவலகத்திலேயே இருந்துகொண்டு, “வற்றாப்பளை அம்மனே பொறுத்தவா” என்றார். வற்றாப்பளையில் இருப்பது கண்ணகி அம்மன். கோவலன் மாதவியிடம் போகும்போது கண்ணகியிடம் யார் கேட்டது? வருடா வருடம் பொங்கலுக்குப் போகிற மனிதர், கதையின் பிற்பாதியை மறந்துவிட்டார்.

அப்புறம், வேண்டாம் என்றால் அவள் எங்கே போவாள்? காணி அனுமதிப்பத்திரம் அவர் பெயரில், நுண்கடன் மட்டும் இவள் பெயரில். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவள் என்றால் தன் சீதனக் காணியை விற்பதற்கே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அப்படிப்பட்டவளின் மௌனத்தையா சம்மதம் என்கிறீர்கள்?

அந்தத் தங்கச்சியிடம், “அப்ப நானும் ஒருத்தரைப் பாக்கட்டோ எண்டு கேட்டு அனுப்பும்” என்றேன். தொழில் ஒழுக்கத்துக்கு இது சரியோ தெரியாது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “விசர்க் கதை கதையாதை.”

இனிச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முஸ்லிம் விவாகச் சட்டத்துக்கு உட்படாதவர் மனைவி உயிரோடிருக்க, மணம் முறியாமல் இன்னொருத்தியை மணந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 362பி பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்து மணந்தால் பத்து வருடம் வரை. “முஸ்லிமா மதம் மாறிப்போட்டுக் கட்டலாம்” என்று ரீக்கடையில் சட்டம் சொல்பவர்களே, அந்தக் கதவை உயர்நீதிமன்றம் 1990களின் கடைசியிலேயே பூட்டிவிட்டது. “கோயிலில தாலிதான் கட்டினது, பதியேல்லை” என்பதும் தப்பும் வழியில்லை. வழக்கப்படி தாலி கட்டி, கூறை கொடுத்து நடந்த திருமணங்களைப் பதிவு இல்லாமலே எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

மனைவிமாரிடம் ஒரு மன்றாட்டம். சண்டை ஓயட்டும் என்று “ஓம், எனக்குச் சம்மதம்” என எழுதிக் கொடுக்காதீர்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்பாதீர்கள். அவருடைய பிறதொடர்பைக் காட்டி நாளைக்கு நீங்கள் மணமுறிவு கேட்கும்போது, உடன்பட்டீர்கள், பொறுத்துக்கொண்டீர்கள் என்று அதே வரியை எடுத்துக் காட்டுவார்கள். நானே எதிர்த்தரப்பு என்றால் அதைத்தான் செய்வேன்.

இரண்டு கிழமை கழித்து, அந்த டிப்பர்காரரோடு வாழ்கிற மற்றப் பெண்ணும் வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கம். 2009இல் கணவர் காணாமற்போய், மரணச் சான்றிதழும் எடுக்க மனமில்லாமல் கடை போட்டு வாழ்கிறவர். “அவ ஓம் எண்டிட்டா, உமக்கும் பதிய ஏலாது, எனக்கும் பதிய ஏலாது, இப்பிடியே இருப்பம்” என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வயிற்றில் ஏழு மாதம். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரு வாய்தான் ஏமாற்றியிருக்கிறது.

இவரைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். “அவவுக்குத் தெரியும்” என்று அவர் சொன்னால், அவவின் வாயாலேயே கேளுங்கள். கேட்க விடமாட்டார் என்றால் விடை கிடைத்துவிட்டது. அவர் எந்த ஊரோ அந்தப் பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவைத் தேடிப் பாருங்கள். சேர்ந்து வாழ்ந்தோம் என்பதற்காக உங்களுக்குத் தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) கிடைக்காது. ஆனால் பிள்ளைக்கு உண்டு. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் பிள்ளை எந்த முறையில் பிறந்தது என்று பார்ப்பதில்லை, தகப்பன் யாரென்று நிரூபித்தால் சரி. அங்கேதான் சிக்கல். தாயும் தகப்பனும் மணம் முடிக்காதவர்கள் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைத்தால்தான் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் ஏறும். பிள்ளை பிறந்த கையோடு, அவர் இன்னும் இனிக்க இனிக்கக் கதைக்கும்போதே, பதிவாளரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

“வராட்டி?” என்றார் அவர்.

வராவிட்டால் வழக்குத்தான். அவர் அனுப்பிய செய்திகளையும் காசு போட்ட வங்கிச் சிட்டைகளையும் அவர் கூட வந்த நாளின் பதிவுள்ள கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த முறை எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எழும்பும்போது, கிளினிக் கொப்பியையும் லமினேட் பண்ணலாமோ என்று கேட்டார். வேண்டாம், தாதி இன்னும் எழுதவேண்டியிருக்கு, பொலித்தீனுக்குள்ள போட்டு வையும் என்றேன்.