அக்கா பாடம் எடுத்தால் யாருக்குப் படிப்பு ஏறும்?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். மூத்தவள் எட்டாம் வகுப்பு, இளையவன் இரண்டாம் வகுப்பு, மராத்தி மீடியம். தினமும் சாயங்காலம் அக்காதான் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "இவனோடு மல்லுக்கட்டியே இவள் படிப்பு போய்விடும் போலிருக்கிறது, பேசாமல் அவனை டியூஷனில் சேர்த்துவிடட்டுமா?" கூடவே ஒரு நாள் நடந்ததையும் விவரமாக எழுதியிருந்தார், அதற்கு அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அன்றைக்குப் பாடம் எண்கள். இருபத்தொன்பதுக்கு மராத்தியில் 'ஏகோண்தீஸ்'. தம்பி கேட்டிருக்கிறான்: "இருபது வீஸ், முப்பதுதானே தீஸ்? 29 இருபது வீட்டுப் பிள்ளை, அதுல ஏன் தீஸ் வருது?" அக்கா ஆறு வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பவள், அவளுக்கு ஒரு நாளும் இது தோன்றியதில்லை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு 39, 49, 59 என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாளாம். ஏகோண்சாளீஸ், ஏகோண்பன்னாஸ், ஏகோண்சாட்... அட, நாற்பதுக்கு ஒன்று கம்மி, ஐம்பதுக்கு ஒன்று கம்மி, அறுபதுக்கு ஒன்று கம்மி! தம்பி அதோடு விட்டானா? "அப்போ 99 ஏன் நூறுக்கு ஒண்ணு கம்மின்னு வரலை? நவ்வியாண்ணவ்னு வேற மாதிரி இருக்கே?" அதற்கு அவளிடம் பதில் இல்லை, "அது அப்படித்தான், எழுது" என்று முடித்துவிட்டாள்.

(தமிழும் ஒன்றும் யோக்கியமில்லை. எண்ணூறு என்றால் 800, தொண்ணூறு என்றால் வெறும் 90. பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றே ஒரு பெயர் உண்டு, அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். 2019-ல் மகாராஷ்டிரத்தின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருபத்தொன்றை 'ஏக்வீஸ்' என்பதோடு 'வீஸ் ஏக்' என்றும் சொல்லலாம் என்று போட்டதற்கு மொழியே அழிந்துவிடும் என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. எனக்கென்னவோ அந்த மாற்றம் நியாயமாகத்தான் பட்டது.)

சரி, கேள்விக்கு வருவோம். அந்தச் சாயங்காலத்தில் அதிகம் கற்றுக்கொண்டது யார்? சந்தேகமே இல்லாமல் அக்காதான்.

நினைவைப் பலரும் டிரங்குப் பெட்டி மாதிரி நினைக்கிறார்கள். உள்ளே வைப்பதுதான் வேலை, வைத்தால் இருக்கும் என்று. பெட்டியிலிருந்து புடவையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் புடவைக்கு ஒன்றும் ஆகாது. நினைவு அப்படியல்ல. புத்தகத்தை மூடிக்கொண்டு முக்கி முனகி ஒரு விஷயத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரும்போது, அந்த எடுக்கும் வேலையே அதை இன்னும் உறுதியாக்குகிறது. ஆள் நடக்க நடக்கத்தானே ஒற்றையடிப் பாதை தடமாகும்! 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள், இன்னொரு பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்த பாடமே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ்: எழுதிப் பார்த்த பாடத்தில் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்ததில் 42. திரும்பப் படிப்பதில் இருக்கும் ஏமாற்று வேலையே இதுதான். அன்றைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை அன்று காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் சொல்லிக்கொடுப்பதால் வரும் லாபமும் இந்த எடுக்கும் வேலையால்தானா? 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எல்லோருக்கும் ஒரே பாடம், டாப்ளர் விளைவு. (சயான் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கிற ஃபாஸ்ட் லோக்கல் ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குகிறதே, அதுதான்.) ஒரு குழு கையில் எதுவும் இல்லாமல் அந்தப் பாடத்தை நடத்தியது. இன்னொரு குழு, எழுதிக் கொடுத்த உரையைப் பார்த்து நடத்தியது. மூன்றாவது குழு யாருக்கும் நடத்தவில்லை, நினைவில் இருந்ததை மட்டும் எழுதியது. நான்காவது குழுவைச் சம்பந்தமே இல்லாமல் கணக்குப் போட வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. பார்க்காமல் நடத்தியவர்களும் நினைவிலிருந்து எழுதியவர்களும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள், பார்த்து நடத்தியவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். அதாவது பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று புத்தகத்தை விரித்து வைத்து வாசித்தால் வாத்தியாருக்குப் பெரிதாக ஒன்றும் ஒட்டுவதில்லை.

ஆனால் 'ஏகோண்' விஷயத்தை இது மட்டும் விளக்காது. அது அவள் நினைவிலேயே இல்லாத ஒன்று, தம்பி கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தாள். ரோசன்பிளிட், கெய்ல் என்ற இருவர் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு, டாய்லெட் ஃப்ளஷ் மாதிரியான சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். ஆட்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக விளக்குங்கள் என்றதும் திணறி, தங்களுக்குத் தாங்களே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியாதது எது என்று தெரிவதற்கே ஒருத்தரிடம் விளக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் வகுப்பில் கைதூக்கக் கூச்சப்படும் பிள்ளை வீட்டில் அக்காவை விடாது, ஏன் ஏன் என்று அரித்து எடுத்துவிடும்.

இதெல்லாம் புதுசும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று மூத்த பையன் ஒருவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 வாக்கில் எழும்பூரில் ஒரு அனாதை ஆசிரமப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார், கூடவே பிள்ளைகளையே வாத்தியார்களாக்கினார். ஊருக்குத் திரும்பி 1797-ல் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

நம் ஊரில் இதையெல்லாம் விட்டுவிட்டு, கண்ணைக் கட்டிப் புத்தகம் வாசிக்க வைக்கிறோம் என்கிற மிட்பிரெயின் ஆக்டிவேஷன் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான் விஷயம். மறுபக்கம், நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். தாராவி வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு நான் அமெரிக்காவையும் சிங்கப்பூரையும் இழுத்துக்கொண்டிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

அடுத்து நார்வேயையும் இழுக்கப்போகிறேன். ராணுவத்துக்கு வந்த சுமார் 2,40,000 இளைஞர்களின் ஐ.க்யூ. மதிப்பெண்களை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், தலைச்சன்கள் இரண்டாவது பிள்ளைகளைவிடச் சராசரியாக 2.3 புள்ளி கூடுதல். சின்ன வித்தியாசம்தான், உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. சுவாரஸ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. மூத்த பிள்ளை குழந்தையிலேயே இறந்துபோய், இரண்டாவதாகப் பிறந்தும் மூத்தவராக வளர்ந்தவர்கள் தலைச்சன்கள் அளவுக்கே வாங்கியிருந்தார்கள். ஆக, கருப்பை விஷயம் இல்லை, ஜாதகமும் இல்லை, வீட்டில் வகிக்கிற இடம்தான். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பே மூத்தவர்களுக்குக் கிடைக்கும் லாபம் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1970-களிலேயே ஒரு விளக்கம் சொன்னார். அதுதான் முழுக் காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை, ஆனால் மேலே பார்த்த சோதனைகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

அதனால் அம்மா, டியூஷன் வேண்டாம். ஆனால் அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால், அடுப்படி வேலையோடு இதுவும் சேர்ந்து பெண்பிள்ளை தலையில் விழுந்த இன்னொரு சுமை, அதை நான் அறிவியல் என்று சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்கும்போது புத்தகத்தை அவள் மூடி வைக்கட்டும், தடுமாறினால் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடட்டும்.

பாவம் கடைக்குட்டி, அவனுக்குக் கீழே சொல்லிக்கொடுக்க யாருமில்லை. ஆனால் உங்கள் மாமியார் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டித்தான் கணக்குப் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, ஆச்சிக்கு மராத்தி எண் சொல்லித்தரும் வேலையை அவனிடம் கொடுங்கள். முதல் வாரம் ஏகோண்தீஸ் ரூபாய்க்கு முப்பத்தொன்பதைக் கொடுத்துவிட்டு வந்து நின்றால் ஆச்சியை ஒன்றும் சொல்லாதீர்கள், வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.