சாயங்காலம் ஆனால் ஏன் பதறுகிறார்? மறதி நோயும் வாழ்க்கைக் கதைப் புத்தகமும்

மறதி நோய் கண்ட பெரியவரைப் பார்க்க வருகிற உறவினர், உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் யாருன்னு தெரியுதா? பேர் சொல்லுங்க பார்ப்போம்." பாசத்தால் கேட்பதுதான். ஆனாலும் பதில் வராத மனிதருக்கு அது பரீட்சை. அவர் முகம் வாடுவதையும், விரல்கள் வேட்டி நுனியைத் திருகத் தொடங்குவதையும், வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பார்க்கும் உளவியலாளராக நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமரில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவதால், காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் நிற்பதில்லை. ஆனால் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை மனத்தில் பதிந்தவையும் கைப்பழக்கமாக ஊறியவையும் நெடுநாள் தங்குகின்றன. முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியின் அறிகுறி என்று கருதப்பட்ட காலத்தில், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான செயல் என்று 1963இல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். பழைய படங்கள், பொருள்கள், பாட்டுகள் வழியே கடந்த காலத்தைப் பேசவைக்கும் நினைவு மீட்டல் பயிற்சிகளுக்கு அந்தக் கருத்து பெரும் உந்துதலாயிற்று. இந்தப் பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளை அலசி 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வும், பலன் சிறிதே, அதுவும் சீராக இல்லை என்றுதான் கூறுகிறது. எனினும் ஒருவரின் கதையை அறிந்திருப்பதால் அன்றாடப் பராமரிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன், மாலை 5 மணியானால் சட்டைப்பையைத் துழாவி, கதவைத் தட்டி, வழிமறிப்பவரைத் தள்ளிவிடுவார். வீட்டார் தூக்க மாத்திரை கேட்டு வந்தார்கள். அவருடைய பணிக்காலத்தைப் பற்றி விசாரித்தபோதுதான் மனைவி சொன்னார்: "டூட்டி முடிஞ்சதும் டெப்போவுல கலெக்‌ஷன் கட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு ரூபா குறைஞ்சாலும் அன்னைக்குத் தூங்க மாட்டார்." மறுநாள் பரணிலிருந்து அவருடைய பழைய தோல்பை இறங்கியது. சில்லறையைக் கொட்டியதும் ஐந்து ஐந்தாக அடுக்கி எண்ணி, நோட்டில் தொகையை எழுதி, மகளிடம் நீட்டினார். மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின், அன்று கதவுப் பக்கம் அவர் போகவில்லை. எல்லா நாளும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்படி ஒருவரின் கதையைப் படங்களும் குறிப்புகளுமாகத் தொகுப்பதே வாழ்க்கைக் கதைப் புத்தகம். அதை, நோய் கண்டவரால் பேச முடிகிற ஆரம்ப நிலையிலேயே, அவரோடு உட்கார்ந்து தொடங்குங்கள். புகைப்படத்தின் கீழே பெயரையும் உறவையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால், யாரும் அவரைச் சோதிக்கத் தேவையில்லை. அவர் ஊரையோ ஆண்டையோ மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். பறிகொடுத்த பிள்ளையின் படம் போன்றவற்றைச் சேர்ப்பதா என்பதை அவரும் குடும்பமும் முடிவு செய்யட்டும். பேச்சின் நடுவே கண் கலங்கினால், பக்கத்தைப் படக்கென்று புரட்டாமல் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் உடனிருங்கள்.

அந்த நடத்துநரின் புத்தகத்தில், புதிதாக வரும் பராமரிப்பாளருக்காக முதல் பக்கத்தில் மகள் எழுதி ஒட்டியிருப்பது இது: "அப்பா 5 மணிக்குக் கலெக்‌ஷன் கட்டுவார். வாங்கி எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்."