ஸ்டிக்கர் பின்தாளும் டொலுயீன் மணமும்

ஸ்டிக்கரை உரித்ததும் வீசிவிடும் பின்தாளில் மெல்லிய சிலிக்கோன் படலம் ஒன்று இருக்கிறது. பசை தாளைப் பற்றிக்கொள்ளாமல் கழன்று வருவது அதனால்தான். அந்தச் சிலிக்கோனை டொலுயீன், ஹெப்டேன் போன்ற கரைப்பான்களில் கரைத்துத் தாளிலும் பிளாஸ்டிக் ஃபிலிமிலும் பூசுவது என் தொழில்.

சரி, தண்ணீரில் கலந்த சிலிக்கோனும் கிடைக்கிறதே, பிறகு ஏன் கரைப்பான்? ஃபிலிமில் அது சீராகப் பரவும். தண்ணீர் அங்கங்கே திரண்டு நிற்கும், தாளையோ சுருட்டிவிடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, ஒரு கிலோ டொலுயீனுக்கு வேண்டியதைப் போல ஏறத்தாழ 6 மடங்கு வெப்பம் தேவை. கரைப்பானே இல்லாத வகையும் உண்டு. ஆனால் அதை மெல்லிசாகப் பூச ஐந்தாறு உருளைகள் உள்ள விலைகூடிய இயந்திரம் வேண்டும். கரைப்பான் வகைக்குக் கம்பி சுற்றிய கோல் ஒன்றே போதும். சிறிய பட்டறைகள் இதை விடாததற்குக் காரணம் அதுதான்.

கொழும்பில் மட்டக்குளிப் பக்கம் அப்படியொரு பட்டறைக்குப் போனேன். ஃபிலிம் சுருள் அவிழும் இடத்தின் அருகே, மூடியில்லாத பிளாஸ்டிக் வாளியில் டொலுயீன். அது 4 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். கொழும்பின் வெக்கையைச் சொல்லவே வேண்டாம். காற்றில் 1.2% அளவு சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஃபிலிம் அவிழும்போது உண்டாகும் நிலைமின்னே அந்தப் பொறியாகலாம். காற்றைவிட 3 மடங்கு பாரமான ஆவி தரையில் படிந்து கிடக்க, விசிறியோ கூரையருகே சுற்றிக்கொண்டிருந்தது.

"தலையிடிக்கிறதா தம்பி?" என்று அங்கே வேலை செய்த பையனிடம் கேட்டேன்.

"இல்லை அண்ணா, முதல் ரெண்டு நாள்தான் மணத்தது. இப்ப பழகிட்டுது."

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். மரத்துப்போனது அவன் மூக்கு. ஆவி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பாவித்தால் கை கால் நரம்புகளே கெடும். அவன் போட்டிருந்த துணி முகக்கவசம் இவற்றைத் தடுக்காது. கரிமக் கரைப்பான் ஆவிக்கென்று உள்ள வடிகட்டிக் கவசம்தான் வேண்டும்.

அன்றே வாளியை எடுத்துவிட்டு, மூடியுள்ள உலோகக் கலனை வைத்து, நிலைமின் தரைக்கு இறங்கப் புவி இணைப்பும் கொடுத்தோம். தரை மட்டத்தில், பொறி எழுப்பாத விசிறி பொருத்த முதலாளி ஒரு மாதம் கேட்டார். அதுவரை பூச்சு வேலையை நிறுத்தச் சொன்னேன். முகம் சுருங்கினாலும் சம்மதித்தார்.