கணவருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்

“தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறினா, 272 படி. வேணாம்னு சொன்னேன், கேக்கல” என்றார் மாமியார். மருமகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அவருக்கு அது மூன்றாவது கருச்சிதைவு. கோலாலம்பூரில் மரபணு ஆலோசகராக இருக்கும் எனக்குப் பழகிய பேச்சுதான் இது. படி, பப்பாளி, மோட்டார் சவாரி என்று காரணம் மாறும். பழி மட்டும் பெண் மேலேயே விழும்.

படி ஏறியதால் கரு கலைவதில்லை அம்மா என்றேன். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை, கோளாறாக இருக்கிறது. பெரும்பாலும் அது அந்த ஒரு கருவில் தற்செயலாக நேர்வது. பெண்ணின் வயது 35ஐத் தாண்டினால் கூடும். ஆனால் திரும்பத் திரும்பக் கலையும்போது, நூற்றில் சில தம்பதிகளில் இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும்.

இதைக் கலர் பென்சிலால் வரைந்து காட்டுவேன். ஒவ்வொரு கோடும் ஒரு குரோமோசோம், எல்லாம் ஜோடியாக இருக்கும்: இரண்டு நீலக் கோடு, இரண்டு சிவப்புக் கோடு. ஒரு நீலத்தின் வால் ஒரு சிவப்பிலும், அந்தச் சிவப்பின் வால் நீலத்திலும் ஒட்டியிருக்கிறது; மற்ற நீலமும் சிவப்பும் மாறவில்லை. எதுவும் தொலையவில்லை, அதனால் அந்த ஆள் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார். குழந்தைக்கு மாறிய கோடுகள் இரண்டும் போனாலும் சரி, மாறாத இரண்டும் போனாலும் சரி, தப்பில்லை. மாறியதில் ஒன்றும் மாறாததில் ஒன்றும் போனால்தான் ஒரு துண்டு கூடி, இன்னொன்று குறைந்து, கரு நிற்காமல் போகிறது.

இரண்டு முறை கலைந்தாலே டாக்டரிடம் விசாரியுங்கள். கலைந்த திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது, சேலைனில், அதாவது மருத்துவ உப்புநீரில், போகவேண்டும். அந்த நேரத்து அழுகையில் இது யாருக்கும் தோன்றாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அப்புறம், ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் சோதனையை விடாதீர்கள். அது மரபணுக் கோளாறு அல்ல, ஆனால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துக் கருவைக் காப்பாற்ற வழி இருக்கிறது. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

குரோமோசோம் சோதனைக்கு இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும், அந்த வீட்டுக் கணவர் முதலில் “எனக்கு எதுக்கு மேடம்?” என்றார். சில வாரம் கழித்து வந்த முடிவில் இடமாற்றம் அவரிடம்தான் இருந்தது. மாமியார் வாயே திறக்கவில்லை. ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய் முறையில் கருவைச் சோதித்து வைக்கலாம், செலவு அதிகம். இயற்கையாக முயன்றே குழந்தை பெற்றவர்களும் நிறைய என்று சொன்னேன். மருமகள் அந்தக் கோடு போட்ட காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கணவர் கிளம்பும்போது கேட்டார்: “என் தம்பிக்கும் இருக்குமா? அவன் மனைவி மாசமா இருக்கா.”

பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் தம்பிக்கும் பாதி வாய்ப்பு உண்டு. இந்த வாரமே அழைத்து வாருங்கள் என்றேன்.